பழைய நம்பருக்கு ஒரு போன்

திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனிகளின் கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் மெயில் ஒன்று உண்டு. அதில் மிரட்டல் இருக்காது, லாட்டரி விழுந்த செய்தியும் இருக்காது. "எங்கள் வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது, இனித் தொகையை இந்தப் புதிய கணக்குக்கு அனுப்பவும்" என்று பணிவாக நாலு வரி இருக்கும். கீழே நமக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரின் பெயர். அதற்கும் கீழே, அவரோடு மாதக்கணக்கில் நாம் எழுதிவந்த கடிதத் தொடர் ஒரு வரி குறையாமல் அப்படியே இருக்கும். அனுப்பியவர் நிஜமாகவே அவர்தானா என்று உறுதிசெய்வது இன்றைக்கு என் வேலையில் பெரும்பங்கு.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது பேக்ஸ் காலம் முடிந்துகொண்டிருந்தது. லெட்டர்ஹெட், கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப் மூன்றும் இருந்தால் ஆள் அவர்தான் என்று எடுத்துக்கொள்வோம். வங்கிக்காரர்கள் மட்டும் அப்போதே அப்படி நம்பவில்லை. எங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்த மூத்த அதிகாரி ஒருவர் டெலக்ஸ் காலத்து வழக்கத்தைச் சொல்லுவார். பணம் கொடுக்கச் சொல்லி ஒரு வங்கி இன்னொரு வங்கிக்கு டெலக்ஸ் அடித்தால், கூடவே 'டெஸ்ட் கீ' என்று ஓர் எண் வரும். தொகை, தேதி, நாணயம் இவற்றை வைத்து, ரகசியப் பட்டியல் ஒன்றிலிருந்து கணக்கிட்ட எண் அது. வாங்கும் வங்கி தன்னிடமுள்ள பட்டியலை வைத்து அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். பொருந்தினால்தான் பணம். அந்தப் பட்டியல் டெலக்ஸில் வந்ததே கிடையாது. முன்கூட்டியே, வேறு வழியாக, பத்திரமாகக் கைமாறியிருக்கும். செய்தி வருகிற வழி ஒன்று, அதைச் சரிபார்க்கிற வழி வேறொன்று. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்கவில்லை.

மெயிலில் அந்த இரண்டாவது வழியே கிடையாது. மெயிலை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் செல்லும் எஸ்.எம்.டி.பி. விதிமுறையை ஜான் போஸ்டல் 1982-இல் எழுதினார். அன்றைக்கு அந்த வலையில் இருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான். அனுப்புநர் என்ற இடத்தில் யார் பெயரை எழுதினாலும் அந்த விதிமுறை கேள்வி கேட்காமல் எடுத்துப் போகும். பிற்பாடு மேலே பல பூட்டுகள் போட்டார்கள். ஆனால் அடித்தளம் இன்னும் அதுதான்.

எங்கள் பகுதியில் ஒரு பனியன் கம்பெனிக்கு நடந்ததைச் சொல்கிறேன். முப்பது சதவீதம் அட்வான்ஸ், மீதி, கப்பலில் சரக்கேற்றிய ரசீதான பி.எல்.-இன் காப்பி பார்த்ததும் டி.டி., அதாவது வங்கி வழி நேரடிப் பரிமாற்றம், என்று ஐரோப்பியப் பையர் ஒருவரோடு ஒப்பந்தம். சரக்கு தூத்துக்குடியில் ஏறி, கொழும்பில் தாய்க்கப்பல் மாறி, ஹாம்பர்க் போய்க்கொண்டிருக்கிறது. பி.எல். காப்பி அனுப்பி ஒரு வாரமாகியும் பணம் வரவில்லை. கேட்டால் பையர் சொல்கிறார்: "அனுப்பி நாலு நாள் ஆகிறதே, நீங்கள் சொன்ன புதிய கணக்குக்குத்தான் அனுப்பினோம்." இவர்கள் எந்தக் கணக்கையும் சொல்லவில்லை.

அந்தக் கம்பெனியின் கணக்கர் என் நண்பர். கூப்பிட்டார், போனேன். இரண்டு இன்வாய்ஸையும் பிரின்ட் எடுத்து மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஸ்டைல் நம்பர், கலர், சைஸ் வாரியான எண்ணிக்கை, கார்ட்டன் கணக்கு, நிகர எடை எல்லாம் ஒன்றுபோல இருந்தன. எங்கள் தொழிலில் இல்லாதவர்களுக்கு விளங்கவே விளங்காத ஷிப்பிங் மார்க்குகூட மாறவில்லை. வங்கி விவரம் இருந்த கட்டத்தில் மட்டும் எழுத்துரு ஒரு இழை தடிமனாக, வரி கொஞ்சம் கீழே இறங்கி இருந்தது. அசல் பி.டி.எஃப்-ஐத் திறந்து அந்தக் கட்டத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். மெயில் வந்த முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்தோம். கம்பெனிப் பெயரில் 'எம்' வரவேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நின்றன. போன் திரையில் அந்த வித்தியாசம் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அந்த டொமைன் எப்போது பதிவானது என்று தேடிப் பார்த்தால், கப்பல் ஏறிய வாரத்தில்.

எப்படி இவ்வளவு தெரிந்தது? அவர்களுடைய மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர்களைக் கவனிப்பவர், ஒருவரின் மெயில் பெட்டிக்குள் யாரோ வாரக்கணக்கில் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். 'பையர் டெக் பேக் அனுப்பியிருக்கிறார், திறந்து பாருங்கள்' என்று வந்த ஒரு இணைப்பில் அந்தப் பையன் பாஸ்வேர்டைத் தட்டியிருக்கிறான். உள்ளே நுழைந்தவர்கள் எதையும் அழிக்கவில்லை. ஒரு விதியை மட்டும் எழுதி வைத்திருந்தார்கள்: பையரிடமிருந்து 'பேமென்ட்' என்ற சொல்லோடு வரும் மெயில்கள் யாரும் திறக்காத ஒரு மூலை ஃபோல்டருக்குப் போய்விட வேண்டும். பையர் "கணக்கு மாறியதா?" என்று மெயிலில் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வி மூலை ஃபோல்டருக்குப் போனது. பதில் போலி முகவரியிலிருந்து வந்தது: "ஆமாம், ஆடிட் நடக்கிறது, பழைய கணக்கில் தற்சமயம் வாங்க முடியாது." சந்தேகம் வந்த மெயிலுக்குள்ளேயே விளக்கமும் கேட்டதுதான் அந்தப் பையருக்கு வினையானது.

அதற்குப் பிறகு நடந்தவை வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. சரக்கை எடுக்கத் தேவையான ஒரிஜினல் பி.எல். இவர்களிடம், பணம் கொடுத்துவிட்டேன் என்கிறார் பையர், துறைமுகத்தில் கன்டெய்னருக்குத் தாமதக் கட்டணமான டெமரேஜ் ஏறுகிறது, கோடைக்காலச் சரக்கு, சீசன் போனால் விலை போகாது. இங்கே ஏற்றுமதிக்காக வாங்கிய பேக்கிங் கிரெடிட் கடனுக்கு வட்டி ஓடுகிறது. ஏற்றுமதிப் பணம் வந்து சேராததால், ரிசர்வ் வங்கியின் கண்காணிப்புக் கணினியில் அந்த ஷிப்பிங் பில் முடிவடையாமல் நிற்கிறது. வங்கி மாதாமாதம் விளக்கம் கேட்கிறது. கடைசியில் பாதிக்குப் பாதி என்று பேசி முடித்தார்கள். ஒரு வருட லாபம் அதிலேயே போயிற்று. அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். அவனை யாரும் போகச் சொல்லவில்லை.

இதற்குப் பிறகு என்னிடம் பலர் கேட்பது, மெயிலைப் பார்த்தே கண்டுபிடிக்க வழியில்லையா என்று. கொஞ்சம் உண்டு. ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் திறந்தால், மேலே எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்று மூன்று சோதனைகளின் முடிவு இருக்கும். அந்த டொமைன் பெயரில் மெயில் அனுப்ப உரிமையுள்ள சர்வரிலிருந்துதான் வந்ததா என்பது முதலாவது. வழியில் யாரும் திருத்தவில்லை என்பதற்கான டிஜிட்டல் ஒப்பம் இரண்டாவது. நம் கண்ணுக்குத் தெரியும் பெயரும் அந்தச் சோதனைகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, பொருந்தாவிட்டால் என்ன செய்யவேண்டும் என்பது மூன்றாவது. 'ஃபெயில்' என்று வந்தால் நின்று யோசிக்கவேண்டும். அதில் சந்தேகமில்லை. ஆனால் மூன்றும் 'பாஸ்' என்று வந்தால் திருப்தியாகிவிடக் கூடாது என்பதைத்தான் என்னோடு வேலை செய்பவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அந்த ஒட்டுப்போட்ட டொமைன் திருடனின் சொந்த டொமைன். அவன் மூன்றையும் ஒழுங்காக அமைத்தால் மூன்றிலும் பாஸ்தான். மெர்ச்சண்டைசரின் அசல் பெட்டிக்குள் உட்கார்ந்து அனுப்பினாலும் பாஸ்தான். எந்த வீட்டிலிருந்து கிளம்பியது என்று அந்தச் சோதனைகள் சொல்லும். வீட்டுக்குள் இருப்பது யார் என்று சொல்லாது.

எங்கள் தொழிலுக்கே உரிய ஒரு அடையாளம் உண்டு. இதைப் பையர்களுக்கு நாங்களே எழுதிக் கொடுக்கிறோம். இந்தியாவில் ஐ.பி.ஏ.என். என்ற சர்வதேச வங்கிக் கணக்கு எண் கிடையாது. எங்கள் பெயரில் வரும் மெயிலில் ஐ.பி.ஏ.என். இருந்தால், அது எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் எங்களுடையது அல்ல. ஸ்விஃப்ட் கோடில் ஐந்தாவது, ஆறாவது எழுத்துகள் நாட்டைக் குறிப்பவை. எங்கள் வங்கிக்கு அவை 'ஐ', 'என்'. வேறு எந்த எழுத்து வந்தாலும் பணத்தை நிறுத்துங்கள் என்று புரோஃபார்மா இன்வாய்ஸிலேயே அச்சடித்திருக்கிறோம். இதைப் பார்க்க எந்தத் தொழில்நுட்பமும் வேண்டாம், கண் போதும்.

இருந்தாலும் முடிவான சோதனை போன்தான். அதைச் செய்வதிலும் ஒரு முறை உண்டு. மெயிலின் அடியில் இருக்கும் நம்பருக்குப் பேசக்கூடாது. போலி மெயில்களில் அந்த நம்பரையும் மாற்றிவிடுகிறார்கள், கூப்பிட்டால் எடுத்துப் பேசவும் ஆள் வைத்திருக்கிறார்கள். பழைய ஃபைலை எடுக்கவேண்டும். முதல் ஆர்டரின் ஒப்பந்தம், கண்காட்சியில் கைமாறிய விசிட்டிங் கார்டு, அந்த வகைக் காகிதத்தில் இருக்கும் நம்பர்தான் செல்லும். எங்கள் அலுவலகத்தில் இதற்கென்றே ஒரு நோட்டு இருக்கிறது, கணினியில் இல்லை. பையர், நூல் மில், ஜிப் சப்ளையர், ஃபார்வர்டர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். எண், பேசவேண்டிய ஆள், எண்ணை எங்கே எப்போது வாங்கினோம் என்ற குறிப்பு.

பேசும்போது இன்னொன்று. புதிய கணக்கு எண்ணை நாம் படித்துவிட்டு "சரிதானே?" என்று கேட்கக்கூடாது. வேலை மும்முரத்தில் இருப்பவர் "சரி, சரி" என்றுவிடுவார். அவரையே தன் ஆவணத்தை எடுத்துப் படிக்கச் சொல்லி, நம் கையிலுள்ளதோடு நாம் ஒப்பிடவேண்டும். டென்மார்க்கில் எங்களுக்கு லேபிள் அனுப்பும் கம்பெனியில் ஒரு மூத்த அம்மாள் கணக்குப் பார்க்கிறார். அவர்கள் உண்மையிலேயே வங்கி மாறியபோது, நம் ஊரில் மதிய வாக்கில்தான் அங்கே அலுவலகம் திறக்கும் என்பதால் காத்திருந்து கூப்பிட்டேன். எண்ணை நாலு நாலாகப் பிரித்து நிதானமாகப் படித்தார். நான் எழுதிக்கொண்டு ஒப்பிட்டேன். முடிந்ததும், புதிய கணக்குக்கு மாறிய அறிவிப்பை எல்லா வாடிக்கையாளருக்கும் அனுப்பியதாகவும், கூப்பிட்டுக் கேட்டவர்கள் மிகச் சிலர்தான் என்றும் வருத்தமாகச் சொன்னார்.

ஏன் மற்றவர்கள் கேட்கவில்லை? நேரமின்மையா? நான் அப்படி நினைக்கவில்லை. கேட்பது மரியாதையல்ல என்ற எண்ணம்தான் காரணம். எங்கள் கொங்குப் பக்கத்தில் வியாபாரமே வாய்வார்த்தையில் நடந்து பழகியது. நூல் இறக்கிவிட்டுப் பிறகு பில் போட்ட காலம் உண்டு. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த எங்கள் முதலாளியிடம், கணக்கு மாற்றம் என்று யார் எழுதினாலும் கூப்பிட்டுக் கேட்டபிறகுதான் பணம் என்று நான் சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை.

"ஏனப்பா, அந்த மில்லுக்காரரு எங்கய்யன் காலத்துல இருந்து பழக்கம். அவரைக் கூப்புட்டு நீங்கதான் அனுப்புனீங்களான்னு கேட்டா மனுசன் என்ன நெனைப்பாரு?"

"கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டாருங்க. கேக்காம வேற எவனுக்கோ அனுப்பிப்போட்டு, உங்க பணம் போயிருச்சுங்கன்னு சொன்னாத்தானுங்க நெனைப்பாரு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவரே போனை எடுத்து அந்த மில் முதலாளியைக் கூப்பிட்டார். இனிமேல் எங்கள் ஆபீஸ் பையன்கள் கூப்பிட்டுக் கேட்பார்கள், கோபித்துக்கொள்ளக் கூடாது, உங்கள் பணம் உங்களுக்கே வந்து சேரவேண்டும் என்றுதான் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு போனுக்குப் பிறகு எங்கள் வேலை எளிதாயிற்று. ஆள் யாரென்று கேட்பதைச் சந்தேகத்தின் நேரத்தில் தொடங்கினால் அது குற்றச்சாட்டாகத்தான் கேட்கும். உறவு நன்றாக இருக்கும் நாளிலேயே சொல்லி வைத்துவிட்டால் வழக்கம் ஆகிவிடும். முதலாளி தன் பெயரில் வரும் மெயிலுக்கும் அதே விதியை வைத்தார். "நான் மீட்டிங்கில் இருக்கிறேன், உடனே இந்தத் தொகையை அனுப்பு" என்று அவர் பெயரில் மெயில் வந்தாலும், அவர் படம் போட்ட வாட்ஸ்அப் நம்பரிலிருந்து வந்தாலும், அவர் குரலைக் கேட்காமல் ஒரு ரூபாய் போகாது. முதலாளியிடம் திருப்பிக் கேட்கப் பயப்படும் கணக்கர் இருக்கும் கம்பெனிதான் இந்தத் திருடர்களுக்கு மிக வசதி.

சின்னக் கம்பெனிகளின் அறியாமை என்று இதை ஒதுக்கவும் முடியாது. லிதுவேனியாவைச் சேர்ந்த எவால்டாஸ் ரிமாசவுஸ்காஸ், தைவானின் குவான்டா கம்ப்யூட்டர் நிறுவனத்தின் பெயரில் மெயிலும் இன்வாய்ஸும் அனுப்பி, கூகுளிடமும் ஃபேஸ்புக்கிடமும் 2013 முதல் 2015 வரை 10 கோடி டாலருக்கு மேல் வாங்கிவிட்டார். அவற்றில் கூகுள், மெயில் சேவையையே நடத்தும் கம்பெனி. அவர் செய்த காரியத்தில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றை: அதே பெயரில் லாட்வியாவில் ஒரு கம்பெனியையும் பதிவுசெய்து, அந்தப் பெயரில் வங்கிக் கணக்கும் திறந்திருந்தார். 2019-இல் நியூயார்க்கில் அவருக்கு ஐந்து வருடச் சிறை விதித்தார்கள். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.-க்கு இந்த வகை மோசடி பற்றி 2023-இல் மட்டும் வந்த புகார்களில் இழப்பு 290 கோடி டாலர்.

கணக்கின் பெயர் பொருந்தினாலே போதும் என்று நினைப்பவர்களுக்காகத்தான் லாட்வியக் கம்பெனியைச் சொன்னேன். நம் நாட்டில் 2025 வரை அந்தப் பெயர்ப் பொருத்தம்கூட இருக்கவில்லை. ஆர்.டி.ஜி.எஸ்., நெஃப்ட் இரண்டிலும் கணக்கு எண்ணை வைத்து மட்டுமே பணம் வரவாகும். நாம் எழுதும் பெயர் வேறாக இருந்தாலும் போய்ச் சேர்ந்துவிடும். பணம் அனுப்பும் முன் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் கொண்டுவர ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. நல்ல காரியம், தாமதமாக வந்த காரியம். நாங்கள் அதையும் பார்க்கிறோம். அதோடு புதிய கணக்கு என்றால் முதலில் நெஃப்டில் ஏழு ரூபாய் முப்பத்தைந்து பைசா போல ஒரு தொகையை அனுப்பிவிட்டு, நோட்டிலுள்ள பழைய நம்பருக்குப் பேசி, எவ்வளவு வந்தது, பைசாவோடு சொல்லுங்கள் என்று கேட்கிறோம். சொன்னால்தான் மீதி.

இதற்கெல்லாம் கணிதத்தில் தீர்வு இல்லையா என்று எங்கள் கணினி ஆள் ஒருமுறை கேட்டார். அவர்தான் பி.ஜி.பி. பற்றியும் விளக்கினார். பில் ஜிம்மர்மன் 1991-இல் வெளியிட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடிச் சாவி, ஒப்பமிட்டு அனுப்பினால் மாற்ற முடியாது. அருமையான ஏற்பாடு. ஆனால் இந்தச் சாவி இந்த ஆளுடையது என்று எப்படித் தெரியும்? அதற்கு, சாவியின் கைரேகை என்று நாற்பது எழுத்துகள் இருக்கின்றன, அவற்றை நேரில் அல்லது போனில் படித்து ஒப்பிட வேண்டும் என்றார். அந்த உலகத்தில் இருப்பவர்கள் மாநாடுகளில் கூடி, பாஸ்போர்ட்டைக் காட்டி ஒருவர் சாவிக்கு மற்றவர் ஒப்பமிடுவார்களாம். கேட்டதும் எனக்கு டெஸ்ட் கீ பட்டியல்தான் நினைவுக்கு வந்தது. நம்மிடமும் ஒரு டிஜிட்டல் ஒப்பம் இருக்கிறது, சுங்கத்துறைக்கும் ஜி.எஸ்.டி.க்கும் பயன்படுத்துவது. ஆளை வீடியோவில் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். கொடுத்தபின் அந்த யு.எஸ்.பி. டோக்கன் எத்தனை கம்பெனிகளில் ஆடிட்டர் மேஜை டிராயரில், பின் நம்பர் எழுதிய சீட்டோடு கிடக்கிறது என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஒப்பம் டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவர் போட்டது, அவ்வளவே. தயவுசெய்து அந்த டோக்கனைத் திரும்ப வாங்கி உங்கள் பீரோவில் வையுங்கள்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் மணிக்கணக்குதான் அவகாசம். உள்நாட்டுப் பணம் என்றால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடவேண்டும். வெளிநாட்டிலிருந்து பையர் அனுப்பியது என்றால், அவர் தன் வங்கியிடம் ஸ்விஃப்ட் வழியே திரும்பப் பெறும் செய்தியை உடனே அனுப்பச் சொல்லவேண்டும். அங்குள்ள போலீஸிலும் அவர்தான் எழுதிக் கொடுக்கவேண்டும். யார் தவறு என்ற வாக்குவாதம் மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

போனை நம்பச் சொல்கிறேன், அந்தப் போனும் இப்போது பழையபடி இல்லை. 2024 தொடக்கத்தில் ஹாங்காங்கில், பிரிட்டனின் ஆரூப் நிறுவன ஊழியர் ஒருவர் வீடியோ கூட்டத்தில் தன் மேலதிகாரிகளைப் பார்த்து, பேசி, 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். அந்தக் கூட்டத்தில் அவர் பார்த்த முகங்களும் கேட்ட குரல்களும் கணினி செய்தவை. அதனால் இப்போது நமக்கு வந்த அழைப்பு எதையும் கணக்கில் எடுப்பதில்லை. வைத்துவிட்டு, நோட்டிலுள்ள நம்பருக்கு நாம் கூப்பிடவேண்டும். கூப்பிட்டபின் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்கிறோம். போன சீசனில் லேப் டிப் என்ற சாய மாதிரி எத்தனையாவது முறை ஓ.கே. ஆனது, எந்த ஸ்டைலில் கழுத்து ரிப் தளர்ந்து சாம்பிள் திரும்பியது என்பது போல. மெயிலில் எழுதியதாக இருக்கக்கூடாது, நேரில் பேசியதாக இருக்கவேண்டும். மெர்ச்சண்டைசர்களுக்கு இது நன்றாக வருகிறது, அவர்களுக்குத்தான் இந்தச் சண்டைகள் எல்லாம் நினைவிருக்கும்.

இன்னும் சரியாகாத இடம் ஒன்று இருக்கிறது. எங்களுக்குச் சில பையர்களோடு பொதுவான மொழியே இல்லை. அவர்கள் மொழிபெயர்ப்புச் செயலி மூலம் மெயில் எழுதுகிறார்கள், நாங்களும் அப்படியே பதில் போடுகிறோம். போனில் கூப்பிட்டால் இரண்டு பக்கமும் 'ஹலோ'வோடு நின்றுவிடுகிறது. அங்கே இப்போதைக்கு பையிங் ஏஜென்டை இடையில் வைத்து, அவர் நேரில் போய்க் கேட்டுச் சொன்ன பிறகே கணக்கை மாற்றுகிறோம். அதற்கு நாலைந்து நாள் ஆகிறது, முதலாளி பொறுத்துக்கொள்கிறார். அடுத்த கண்காட்சிக்கு அவர்கள் வரும்போது, கணக்குப் பார்ப்பவரையும் கூட்டிவரச் சொல்லி எழுதியிருக்கிறோம்.